கடவுச்சொல் மீட்டமைப்புக் கருவிக்கு விளக்கவுரை எழுதுதல்: செயற்கை நுண்ணறிவு முகவரை வாசகராகக் கொண்ட உரைநடை

0. முன்னுரை

ஒரு கருவியைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் கையேடுகள் இதுவரை மனிதர்க்கென்றே எழுதப்பட்டுவந்தன. தையல் இயந்திரத்தோடு வரும் சிற்றேடாயினும் வங்கி எழுத்தருக்கான கணினிக் கையேடாயினும், படிப்பவர் விடுபட்டதைத் தம் பணியறிவால் நிரப்பிக்கொள்வார். ஐயம் தோன்றினால் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்பார். கையேடு சற்றுக் குறைவுடையதாக இருப்பினும் வேலை நடந்துவிடும். இவ்வகை எழுத்துக்கு இப்போது வேறொரு வாசகர் தோன்றியுள்ளது. பெரு மொழி மாதிரியின் துணையோடு இயங்கி, பயனருடன் உரையாடி, தேவைப்படும்போது மென்பொருட் கருவிகளைத் தானே அழைத்துச் செயல்புரியும் செயற்கை நுண்ணறிவு முகவரே அவ்வாசகர்.

(முகவர் என்னும் சொல் வடிவால் உயர்திணைப் பலர்பால், வழக்கில் மரியாதை ஒருமை. மென்பொருளைக் குறிக்கும் இடத்தில் இக்கட்டுரை அதற்கு அஃறிணை முடிபு தருகிறது. இது இலக்கண வழுவாகத் தோன்றினும், செயலுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினா பின்னர் எழும் என்பதால் திணையைக் குழப்பாதிருத்தல் நன்று.)

2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்குப் புறக் கருவிகளை அழைக்கும் வசதியை அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. இவ்விரண்டிலும் ஒரு கருவி மாதிரிக்கு அறிமுகமாகும் முறை ஏறத்தாழ ஒன்றே: கருவியின் பெயர், இயல்பான உரைநடையில் அமைந்த ஒரு விளக்கவுரை, கருவி ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை. கருவிக்குள் இருக்கும் நிரலை மாதிரி காண்பதில்லை. பயனரின் பேச்சும் இவ்விளக்கவுரையும் ஒரே உரைத்தொடராக அதன் முன் வைக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டே கருவியை அழைப்பதா, வேண்டாவா, எந்த உள்ளீட்டோடு அழைப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. எனவே விளக்கவுரை செயலைப் பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை. செயல் நிகழ்வதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் அமைகிறது. அதில் உள்ள பொருள் மயக்கம் வாசகரின் மனத்தில் ஐயமாகத் தங்காமல் ஓர் அழைப்பாக நிகழ்ந்துவிடுகிறது.

இதனை ஆராயக் கடவுச்சொல் மீட்டமைப்புக் கருவி இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது செய்யும் வேலை சிறிது, எல்லோரும் அறிந்தது. ஆயினும் தவறான இடத்தில் அழைக்கப்பட்டால் ஒருவருடைய கணக்கு மற்றொருவர் கைக்குப் போய்விடும். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் உள்ள பணி என்ன, மொழியால் ஆகாத பகுதி எது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இக்கட்டுரைக்கென அமைத்துக்கொள்ளப்பட்டவை.

1. மீட்டமைத்தல் என்னும் சொல்

கணினி இடைமுகங்களில் இப்போது பரவலாக வழங்கும் சொல் மீட்டமை என்பது. இதனை மீட்டு + அமை எனப் பிரிக்கலாம். மீட்டல் என்பது கைவிட்டுப் போன அதே பொருளைத் திரும்பப் பெறுதல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீண்டு வருவது அதே நகை. கடவுச்சொல் மீட்டமைப்பிலோ எதுவும் மீண்டு வருவதில்லை. பழைய சொல் கைவிடப்படுகிறது. புதிய சொல் ஒன்று அமைக்கப்படுகிறது. ‘என் பழைய பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், போதும்’ என்று பயனர் கேட்பதற்குச் சொல்லே ஓரளவு இடம் தருகிறது எனலாம். மீள அமைத்தல் என்னும் பொருள்பட மீளமை என்று ஆக்கியிருந்தால் இம்மயக்கம் குறைந்திருக்கும். ஆனால் வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்ற முயல்வதினும் அதன் பொருளை விளக்கவுரையில் வரையறுப்பதே எளிது.

பழைய சொல்லைச் சொல்ல இயலாமை ஒரு பணிவிதி அன்று, அமைப்பின் தன்மை. 1960களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் காலப்பகிர்வுக் கணினியில் கடவுச்சொற்கள் எழுதியபடியே ஒரு கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. அங்கே மீட்டல் என்பது சொல்லளவிலும் உண்மை. யூனிக்ஸ் முறைமையில் கடவுச்சொல் ஒருவழி மாற்றத்துக்கு உட்படுத்தப்பட்டே சேமிக்கப்பட்டது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரை இதனை விளக்குகிறது. இன்று முறையாக அமைக்கப்பட்ட எந்தச் சேவையிலும் பயனரின் கடவுச்சொல் சேவை நடத்துபவருக்கே தெரியாது. முகவருக்கு இது தெரிவிக்கப்படாவிடில், கருவி பழைய சொல்லைத் தேடித் தரும் என்னும் எதிர்பார்ப்பைப் பயனரிடம் அது வளர்த்துவிடக்கூடும்.

மேலும், பொதுமக்கள் பேச்சில் ஒன்றாக வழங்கும் நான்கு செயல்கள் கருவி நிலையில் வெவ்வேறானவை. பழைய சொல்லை அறிந்தவர் புதியது இடுவது மாற்றம். பழையதை அறியாதவர் வேறு வழியில் தம்மை மெய்ப்பித்துப் புதியது இடுவது மீட்டமைப்பு. பலமுறை பிழையாக இட்டதால் மூடப்பட்ட கணக்கைத் திறப்பது பூட்டு நீக்கம். பணியாளர் ஒரு தற்காலிகச் சொல்லைத் தாமே உருவாக்கித் தருவது நான்காவது. ஆபத்து மிகுந்ததும் இதுவே. ‘பாஸ்வேர்ட் மாத்தணும்’ என்னும் ஒரே தொடர் இந்நான்கிற்கும் வழங்கக் கேட்கிறோம்.

2. இரு விளக்கவுரைகள்

நிரல் எழுதுவோர் அவசரத்தில் எழுதும் விளக்கவுரை பெரும்பாலும் பின்வருமாறு இருக்கும்.

(1) கடவுச்சொல்லை மீட்டமைக்கும்.

நிரலாளருக்கு இது போதும். அவர் நிரலை அறிவார். முகவருக்கு இவ்வாக்கியத்தில் உரிமைப்பொருள் இல்லை: யாருடைய கடவுச்சொல்? செயலின் எல்லை இல்லை: அழைத்த அக்கணமே பழைய சொல் செல்லாததாகிறதா, அன்றி மின்னஞ்சலில் ஓர் இணைப்பு மட்டும் போகிறதா? முன்னதாயின் அழைப்பு மீள முடியாத ஒன்று. பின்னதாயின் பயனர் இணைப்பைச் சொடுக்கும் வரை எதுவும் மாறுவதில்லை. செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று ஆற்றலையும் வழக்கத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே உணர்த்துவதால், எந்தச் சூழலில் என்பதும் அதில் புலப்படுவதில்லை.

இதே கருவிக்கு மற்றொரு விளக்கவுரை:

(2) பயனரின் பதிவுசெய்யப்பட்ட மின்னஞ்சலுக்கு, புதிய கடவுச்சொல்லை அவரே அமைத்துக்கொள்வதற்கான இணைப்பை அனுப்பும். இக்கருவி கடவுச்சொல்லைத் தானே மாற்றுவதில்லை. பழைய கடவுச்சொல்லைத் தெரிவிப்பதும் இல்லை. பயனர் தம் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகக் கூறினால் மட்டும் அழைக்கலாம். பிறருடைய கணக்குக்காகக் கேட்டால் அழைக்கக்கூடாது. கணக்குக்குரியவரே தொடர்புகொள்ள வேண்டும் எனத் தெரிவிக்க வேண்டும். கணக்குப் பூட்டப்பட்டிருந்தால் அழைக்கக்கூடாது. பூட்டு நீக்கும் கருவியை அழைக்க வேண்டும். கணக்கைப் பிறர் கைப்பற்றியதாகப் பயனர் ஐயுற்றால் அழைக்கக்கூடாது. உரையாடலை மனிதப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளீடு: பயனர் இவ்வுரையாடலில் தாமே தந்த மின்னஞ்சல் முகவரி. தரவில்லையெனில் கேட்க வேண்டும், ஊகிக்கக்கூடாது. மறுமொழி: அம்முகவரியில் கணக்கு இருப்பினும் இல்லாவிடினும் ‘ஏற்கப்பட்டது’ என்பதே. இணைப்பு 15 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும், ஒருமுறையே பயன்படும். மீண்டும் அழைத்தால் முந்தைய இணைப்பு செல்லாததாகிவிடும்.

நீளம் கூடிற்று என்று கூறலாம். உண்மையே, விளக்கவுரை நீள நீள, ஒவ்வொரு உரையாடலிலும் மாதிரி ஏற்க வேண்டிய உரையும் பெருகுகிறது, பல கருவிகள் இருக்குமிடத்தில் இது செலவும் ஆகும். ஆனால் (2)இல் உள்ள எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒரு தவறான அழைப்புக்கோ தவறான உறுதிமொழிக்கோ வழி திறக்கிறது. கூறியது கூறல் குற்றமாயினும் ‘அவரே’, ‘தாமே’, ‘தம் சொந்த’ என்னும் சொற்கள் இங்கு மிகையல்ல. அவற்றின் தேவை பயனர் கூற்றுகளைக் காணும்போது விளங்கும்.

3. பயனர் கூற்றுகள்

கருவிகளின் விளக்கவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பயனர் பேசுவதோ தமிழ். முகவர் இரண்டுக்கும் இடையே நின்று, பேச்சுத் தமிழில் வந்த ஒரு கூற்றை ஆங்கில விளக்கவுரையின் நிபந்தனையோடு பொருத்திப் பார்க்கிறது. மொழிபெயர்ப்பு என்று யாரும் பெயரிடாத மொழிபெயர்ப்பு இது. பின்வரும் கூற்றுகளைக் கருதலாம்.

(3) பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.
(4) உள்ளயே போக மாட்டேங்குது.
(5) அப்பாவோட அக்கவுண்ட் ஓப்பன் ஆகல, கொஞ்சம் மாத்திக் குடுங்க.
(6) யாரோ என் பாஸ்வேர்ட மாத்திட்டாங்க.

ஜே.எல். ஆஸ்டினின் சொற்பொழிவுகள் 1962இல் நூலாக வந்தது முதல், கூற்றின் வடிவமும் அதனால் நிகழும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பயன்வழியியலில் அடிப்படைப் பாடம். (3) வடிவால் செய்தி வாக்கியம், செயலால் வேண்டுகோள். எனவே ‘பயனர் மீட்டமைப்புக் கோரினால்’ என்று விளக்கவுரை எழுதினால் (3) அதில் அடங்குமா என்பது ஐயத்துக்குரியது. ‘மறந்துவிட்டதாகக் கூறினால்’ என்று (2) அமைந்ததற்கு இதுவே காரணம். இன்னொன்றும் உண்டு. மறந்துபோதல் என்னும் வினையில் அனுபவிப்போர் நான்காம் வேற்றுமையில் வருவர். அது பேச்சில் எளிதில் விடுபடும். (3)இல் மறைந்திருப்பது ‘எனக்கு’ என்று நாம் கொள்கிறோம். ‘அம்மாவுக்கு’ என்பதும் அவ்விடத்தில் நிற்கக்கூடும். ஆங்கில வாக்கியம் எழுவாயைக் கட்டாயமாக வெளிப்படுத்துவதால் அம்மொழியில் சிந்தித்து எழுதுவோருக்கு இவ்விடர் தோன்றுவதில்லை. தமிழ்ப் பயனருக்குச் சேவை செய்யும் முகவர் ‘இது உங்கள் சொந்தக் கணக்குத்தானே?’ என்று ஒருமுறை கேட்க வேண்டும் என விளக்கவுரையில் சேர்ப்பது தகும்.

(4)இல் எழுவாய் அஃறிணை. உள்ளே போகாதது எது? கடவுச்சொல் பிழையா, கணக்குப் பூட்டப்பட்டதா, இணைய இணைப்பே இல்லையா என்பது கூற்றில் இல்லை. இங்கு அழைக்கத்தக்க கருவி எதுவும் இல்லை. திரையில் என்ன செய்தி தோன்றுகிறது என்று வினவுவதே உரிய செயல்.

(5) நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்வது. தந்தையின் ஓய்வூதியக் கணக்கையோ மின்கட்டணக் கணக்கையோ மகளோ மகனோ பார்த்துக்கொள்கின்றனர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும் மகள் என்று சொல்லிக்கொள்ளும் குரலுக்கும் மகளுக்கும் உள்ள வேறுபாட்டை உரையாடலைக் கொண்டு அறிய இயலாது. கருவி தந்தையின் மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பை அனுப்பும் என்பதால் சில சேவைகள் இதனை அனுமதிக்கின்றன. வேறு சில மறுக்கின்றன. எக்கொள்கையாயினும் விளக்கவுரை அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் ஒரு நாள் உதவியும் மறுநாள் மறுப்பும் நிகழும். மறுக்கும்போது கேட்பவரை ஐயுறும் தொனி வராதிருக்க, ‘அப்பாவையே எங்களுடன் பேசச் சொல்லுங்கள்’ என்பது போன்ற மாதிரி வாக்கியம் ஒன்றை விளக்கவுரையிலேயே தருவது நன்று.

(6) மேலோட்டமாகப் பார்த்தால் (3)ஐ ஒத்தது; இரண்டிலும் பயனர் உள்நுழைய இயலாதவர். ஆனால் கணக்கைக் கைப்பற்றியவர் பதிவுசெய்யப்பட்ட மின்னஞ்சலையும் மாற்றியிருக்கக்கூடும். அப்போது மீட்டமைப்பு இணைப்பு திருடியவரிடமே போய்ச்சேரும். மறத்தலுக்கும் பறிகொடுத்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை விளக்கவுரை பெயரிட்டுச் சொல்லாவிடில், ‘உள்நுழைய இயலாதவர்’ என்னும் பொதுச்சொல்லின் கீழ் முகவர் இரண்டையும் அடக்கிவிடும்.

4. வேண்டும், -லாம், கூடாது, முடியாது

இணைய நெறிமுறைகளை வகுப்போர் விதிச்சொற்களின் பொருளை வரையறுத்து 1997 மார்ச்சில் 2119ஆம் எண் ஆவணத்தை வெளியிட்டனர். மஸ்ட், ஷுட், மே ஆகிய ஆங்கிலத் துணைவினைகள் முறையே கட்டாயம், தக்க காரணமின்றி விலகலாகாத பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் என்பது அதன் சாரம். சாதாரண உரைநடையிலும் அதே சொற்கள் வருவதால் குழப்பம் நேர்ந்தது. பெரிய எழுத்தில் எழுதப்பட்டால் மட்டுமே அச்சிறப்புப் பொருள் என்று 2017 மே மாதத்தில் 8174ஆம் எண் ஆவணம் தெளிவுபடுத்தியது. தமிழுக்குப் பெரிய எழுத்து இல்லை. வேறுபாட்டை நாம் சொற்றேர்வாலேயே காட்ட வேண்டியிருக்கிறது. அதில்தான் இடர் மிகுதி.

-லாம் ஈறு இசைவையும் நிகழ்தகவையும் பரிந்துரையையும் குறிக்கும். ‘இணைப்பை அனுப்பலாம்’ என்பது அனுப்ப இசைவு உண்டு என்றும், அனுப்பக்கூடும் என்றும், அனுப்புவோமே என்றும் பொருள்படும். (2)இல் ‘மட்டும்’ என்னும் சொல் முன்னே நிற்பதால்தான் ‘அழைக்கலாம்’ என்பது இசைவாகவே நிற்கிறது.

முடியாது என்பது இன்னும் கடினம். ‘பிறர் கணக்குக்கு இணைப்பை அனுப்ப முடியாது’ என்பது கருவிக்கு அவ்வாற்றல் இல்லை என்றும், விதி தடுக்கிறது என்றும், சொல்பவர் மறுக்கிறார் என்றும் மூவகையில் பொருள்படும். ஆற்றல் இல்லை என்று முகவர் பொருள் கொண்டால், வேறு கருவியால் அதே செயலை முடித்துத்தர முயலும். பயனருக்கு உதவுவதே அதன் பணி என்பதால் அம்முயற்சி அதன் நோக்கில் முறையானதே. தடை என்று கொண்டால் வேறு வழியையும் நாடாது. ஆகவே தடையைக் கூடாது என்றும், ஆற்றலின்மையை ‘இக்கருவியில் அவ்வசதி இல்லை’ என்றும் பிரித்து எழுதி, முடியாது என்னும் சொல்லை விளக்கவுரையில் அறவே தவிர்ப்பது நன்று.

எதிர்மறையின் ஆட்சி எல்லையும் கருதத்தக்கது.

(7) அடையாளத்தைச் சரிபார்த்து இணைப்பை அனுப்பக்கூடாது.
(8) அடையாளத்தைச் சரிபார்க்காமல் இணைப்பை அனுப்பக்கூடாது.
(9) அடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே இணைப்பை அனுப்ப வேண்டும்.
(10) அடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே இணைப்பை அனுப்பலாம்.

(7)இல் எதிர்மறை வினையெச்சத்தையும் தழுவுவதால் கருத்து தலைகீழாகிறது. இதனை எவரும் எழுதார் என்று தோன்றினும், ‘முன்னதாக’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை வரிசை மாறாமல் தமிழாக்க முயலும்போது இதுபோன்றது பிறக்கிறது. (8) இரட்டை எதிர்மறை, பொருள் தெளிவு. (9) பலர் விரும்பும் வடிவம். நம் அலுவலகச் சுற்றறிக்கைகளில் இயல்பாக வருவது. ஆனால் அதில் வேண்டும் என்பது அனுப்புதலையே கட்டாயமாக்குகிறது. சரிபார்ப்பு முடிந்ததும், பயனர் ‘சரி, இப்ப ஞாபகம் வந்துடுச்சு, வேண்டாம்’ என்று சொன்னாலும், (9)ஐ எழுத்தெண்ணிப் படிக்கும் முகவர் இணைப்பை அனுப்ப நேரும். சுற்றறிக்கையைப் படிக்கும் எழுத்தர் அப்படிச் செய்யமாட்டார். (10)தான் கருதிய பொருளைத் தருவது: நிபந்தனை கட்டாயம், செயல் இசைவு.

5. கருவியின் மறுமொழியும் முகவரின் வாய்மொழியும்

மறந்த கடவுச்சொல் பற்றி ஓவாஸ்ப் அமைப்பு வழங்கும் பாதுகாப்புப் பரிந்துரைகளுள் ஒன்று, கணக்கு இருப்பினும் இல்லாவிடினும் ஒரே மறுமொழியை ஒரே கால அளவில் தர வேண்டும் என்பது. மறுமொழி வேறுபட்டால் எந்தெந்த முகவரிகளுக்குக் கணக்கு உண்டு என்பதை ஒருவர் முயன்று முயன்று தொகுத்துவிட முடியும். (2)இல் உள்ள கருவி ‘ஏற்கப்பட்டது’ என்று மட்டும் சொல்வது அதனாலேயே.

கருவி இவ்வளவு அடக்கமாகச் சொல்வதை முகவர் பயனரிடம் எப்படிச் சொல்கிறது? உதவும் மனப்பாங்கோடு பேசப் பழக்கப்பட்ட மாதிரி ‘உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பை அனுப்பிவிட்டேன்’ என்று இயல்பாகக் கூறக்கூடும். விடு என்னும் துணைவினை செயல் முற்றுப்பெற்றதை உறுதிசெய்கிறது. கணக்கே இல்லாத முகவரியாயின் இது பொய். பயனர் வராத மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பார். உண்மையான பயனர்க்கு அதனால் நேரம் வீணாகிறது. கணக்குப் பட்டியல் தேடுபவருக்கோ, முகவர் ஓரிடத்தில் ‘அனுப்பிவிட்டேன்’ என்றும் ஓரிடத்தில் ‘வந்து சேரும்’ என்றும் சொன்னால் அவ்வேறுபாட்டையே தடயமாகக் கொள்ள வழியுண்டு. ஆதலால் பயனரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் விளக்கவுரை தர வேண்டும்:

(11) அந்த முகவரியில் கணக்கு இருந்தால், சில நிமிடங்களில் ஓர் இணைப்பு வந்து சேரும்.

இதனை மொழிபெயர்ப்போர் நிபந்தனை எச்சத்தை ‘உங்கள் முகவரிக்கு’ என்று சுருக்கிவிடக்கூடாது. வாசிக்க இனிமை கூடும், நிபந்தனை மறையும். செம்மை கருதிச் செய்யும் திருத்தமே கேடாக முடியும் இடங்களுள் இது ஒன்று.

மீண்டும் அழைப்பதன் விளைவும் சொல்லப்பட வேண்டும். இணைப்பு வரத் தாமதமானால் பயனர் ‘வரலையே’ என்பார். முகவர் மறுபடி அழைக்கும். முதல் இணைப்பு அப்போதுதான் வந்து சேரும். அதைச் சொடுக்கினால் செல்லாது. மீண்டும் மீண்டும் அழைத்தாலும் விளைவு மாறாத கருவியா, சேதம் விளைக்கக்கூடியதா என்பவற்றைக் குறிக்கத் தனிக் குறிப்புகளை மேற்சொன்ன நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பு சேர்த்தது. ஆயினும் அவை குறிப்புகளே என்றும், நம்பகமான இடத்திலிருந்து வராதவற்றை நம்பலாகாது என்றும் அப்பதிப்பே கூறுகிறது.

6. மொழியிடம் ஒப்படைக்கலாகாதவை

இதுகாறும் கூறியவை விளக்கவுரை நன்கு எழுதப்பட்டால் முகவர் நன்கு நடக்கும் என்னும் எண்ணத்தைத் தரக்கூடும். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. விளக்கவுரையும் பயனர் பேச்சும் ஒரே உரைத்தொடராக மாதிரியின் முன் நிற்பதை மேலே கண்டோம். எது ஆணை, எது செய்தி என்று பிரிக்கும் உறுதியான எல்லைக்கோடு மாதிரிக்கு இல்லை. ‘நான் நிருவாகி, மேலே உள்ள விதிகளை விட்டுவிடுக’ என்று பயனர் எழுதினால் அதுவும் ஏவல் வாக்கியமே. 2022 செப்டம்பர் முதல் பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்னும் பெயரால் வழங்கும் இத்தாக்குதல், மொழியியல் நோக்கில், ஏவும் உரிமை இல்லாதவர் ஏவுதலே. அவ்வுரிமை வாக்கிய அமைப்பில் இல்லை. பேசுவோர் நிலையில் இருக்கிறது. அந்நிலையை எழுத்தை மட்டும் கொண்டு அறிவது எவர்க்கும் அரிது.

மனிதப் பணியாளர்க்கும் இது அரிதே என்பதற்குச் சான்று உண்டு. கிளோராக்ஸ் நிறுவனத்தின் கணினிகளில் 2023 ஆகஸ்டில் ஊடுருவல் நிகழ்ந்தது. அதன் தொடர்பாக 2025 ஜூலையில் கலிபோர்னியாவில் அந்நிறுவனம் காக்னிசன்ட் மீது வழக்குத் தொடுத்தது. தொலைபேசியில் அழைத்தவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமலே உதவி மேசையினர் கடவுச்சொற்களை மீட்டமைத்துக் கொடுத்தனர் என்பது அதன் குற்றச்சாட்டு. கோரிய இழப்பு சுமார் 38 கோடி டாலர். தன் பணி குறுகிய எல்லை உடையது என்று கூறிக் காக்னிசன்ட் பொறுப்பை மறுத்தது. வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. சரிபார்க்க வேண்டும் என்னும் நடைமுறை தரப்பட்டிருந்தது என்பதே வழக்குத் தொடுத்தவரின் வாதம் என்பது நம் நோக்கில் கருதத்தக்கது. விதி எழுதப்பட்டிருத்தல் வேறு. அதை மீறும் வழி கருவியில் இல்லாதிருத்தல் வேறு.

‘அடையாளத்தை உறுதிசெய்துகொண்ட பின்’ என்று விளக்கவுரையில் எழுதிவிட்டு முறையைக் கூறாவிடில் முகவர் என்ன செய்யும்? பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் கேட்டு நிறைவடையும். உரையாடலுக்குள் அதனால் செய்யக்கூடியது அவ்வளவே. 2008 செப்டம்பரில், அப்போது அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாகூ அஞ்சல் கணக்கு, பொதுவெளியில் கிடைத்த செய்திகளைக் கொண்டு மீட்டமைப்பு வினாக்களுக்கு விடையளித்தே திறக்கப்பட்டது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017 ஜூனில் வெளியிட்ட நெறிகளில் இத்தகைய வினாக்களை மெய்ப்பிப்பு முறையாக ஏற்கவில்லை.

எனவே இங்கு எழுத்தாளரின் பணி, சொல்லை நீக்கி அமைப்பை வேண்டுவதாகும். கணக்கு, இணைப்பு அனுப்ப வேண்டிய முகவரி என இரண்டு உள்ளீடுகள் உள்ள கருவியோடு ‘பதிவுசெய்யப்பட்ட முகவரிக்கே அனுப்ப வேண்டும்’ என்னும் எச்சரிக்கை எழுதித் தருமாறு கேட்கப்பட்டால், எச்சரிக்கையை எழுதாமல், இரண்டாம் உள்ளீட்டை நீக்குமாறு நிரலாளரைக் கேட்க வேண்டும். பதிவேட்டில் உள்ள முகவரியைக் கருவியே எடுத்துக்கொள்ளட்டும். இணைப்பின் எழுத்துவடிவம் மறுமொழியில் முகவருக்குத் திரும்பாமலிருக்கட்டும். திரும்பினால் அது உரையாடலிலும் பதிவுக் கோப்புகளிலும் இடம்பெற்றுவிடும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அழைக்கலாம் என்னும் வரம்பும் கருவிக்குள் இருக்கட்டும். இவை அமைந்த பின் விளக்கவுரையில் எஞ்சுவது, கருவி யாது செய்யும், எப்போது பொருந்தும், பயனரிடம் யாது சொல்ல வேண்டும் என்னும் மூன்றே. இம்மூன்றும் மொழிக்குரியவை.

7. சோதித்தல்

விளக்கவுரை நன்றாக இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. கள ஆய்வில் குறையொலி இணைகளைக் கொண்டு ஒலியன்களைப் பிரித்தறிவதுபோல, ஒரு கூறு மட்டும் வேறுபடும் கூற்றிணைகளை முகவரிடம் இட்டு, எவற்றுக்கு அழைப்பு நிகழ்கிறது என்று குறித்துவர வேண்டும். ‘என் அக்கவுண்ட்’ என்பதற்கு நிகழ்ந்த அழைப்பு ‘வீட்டு அக்கவுண்ட்’ என்பதற்கும் நிகழ்கிறதா? ‘மறந்துட்டேன்’ என்பதற்கு நிகழ்ந்தது ‘மாத்திட்டாங்க’ என்பதற்கு நிகழாமலிருக்கிறதா? ஒரே கூற்றுக்கு மாதிரி ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும் என்பதில்லை. ஆகவே ஒவ்வோர் இணையையும் பலமுறை இட வேண்டும். பின் விளக்கவுரையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி இட்டால் அச்சொல்லின் பணி வெளிப்படும். ‘மட்டும்’, ‘தாமே’, ‘பின்னரே’ போன்ற சிறு சொற்களை இவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்தும் சேர்த்தும் பார்ப்பது பயன் தரும்.

இச்சோதனைக்குரிய கூற்றுகளை ஆங்கிலத்தில் தொகுத்துத் தமிழாக்கினால் பயனில்லை. அவை எழுவாயும் உரிமைப்பெயரும் நிறைந்த நூல்நடையாக வரும். பேச்சுத் தமிழிலிருந்தே திரட்ட வேண்டும்: மறந்துபோச்சு, மறந்துருச்சு, மறந்துட்டுது என வட்டார வடிவங்களும், ரோமன் எழுத்தில் தட்டச்சிட்ட தமிழும், பாதி வாக்கியத்தில் நின்றுபோனவையும், வயதானவர் பொருட்டு இளையோர் எழுதுபவையும் அதில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கூற்றின் எதிரிலும் எதிர்பார்க்கும் செயலைக் குறிக்க வேண்டும். அழைத்தல், அழையாமை என்னும் இரண்டோடு, கேள்வி கேட்டல் என்பதையும் தனி விடையாகக் கொள்ள வேண்டும். (4)ஐப் போன்றவற்றுக்கு உரிய விடை அதுவே.